பத்திரத்து இனமும் பரம்பரை நோயும்

சிலாபம் நீதிமன்றத்திலே அரை ஏக்கர் தென்னங்காணிக்குப் பிரிவிடல் வழக்குத் தொடுப்பதாயினும் வழக்காளி முதலில் ஒரு வமிசாவளி காட்டியாகவேண்டும். காணியின் மூல உரித்தாளர் யார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர், அவருள் சந்ததியின்றி மாண்டவர் எவர், மணமுடித்து மன்னாருக்குப் போன மகளின் பங்கு இன்று யாரைச் சேரும் என்று கிளை கிளையாக எழுதி வழக்குரையோடு தாக்கல் செய்யவேண்டும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாட்டியின் முழுப் பெயரை என்றுமே கேட்டறியாத குடும்பங்கள் கூட, காணியென்று வந்துவிட்டால் பழைய உறுதிகளையும் கோயிற் பதிவேடுகளையும் புரட்டி அவளுடைய பெயரைத் தேடிப் பிடித்துவிடுகின்றன. ஆனால் அதே பாட்டி என்ன நோயால் இறந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். "வயிற்று வருத்தம்" என்பதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த வயிற்று வருத்தத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறோம். பெருங்குடற் புற்றுநோய் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது, அவ்வேறுபாட்டுக்கு மரபணுவும் ஒரு காரணம் என்று உலகத்து ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றனர். விஞ்ஞானம் பேசும் மற்ற நாடுகளில் இஃது ஒரு மருத்துவச் செய்தி. நம் நாட்டிலோ "இனம்" என்ற சொல் காதில் விழுந்தவுடனே மருத்துவம் மறைந்து அரசியல் முளைத்துவிடும். இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று நோய்க்கும் எல்லைக்கோடு கீறுவதற்கு ஆள் இருப்பார்கள். அப்படிக் கீறுவது விஞ்ஞானமும் ஆகாது; சுகாதாரமும் ஆகாது. புத்தளக் கரையில் வாழ்வோர்க்கு அதனால் உயிர்ச் சேதமே விளையும்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். மரபணு வேறுபாடு கட்டுக்கதையன்று. கிழக்கைரோப்பாவிலிருந்து பரவிய அஷ்கெனாசி யூதரிடையே நூற்றுக்கு ஆறு பேரளவில் ஏ.பி.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் 1997இல் வெளியிட்டனர். அம்மாற்றம் உடையோர்க்குக் குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிடக் கூடுதல். மற்றைய சமூகங்களில் அதைக் காண்பது அரிது. இதனினும் நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. எம்.யூ.ரி.வை.எச். என்ற மரபணு பழுதடைந்தால் குடலின் உட்சுவரில் முளைகள் பல தோன்றி, அவற்றுட் சில புற்றாக மாறும். இதனை 2002இல் வேல்ஸ் நாட்டு ஆய்வாளர் ஒரு குடும்பத்தில் கண்டுபிடித்தனர். வட ஐரோப்பிய வமிசத்தாரிடம் இப்பழுது பெரும்பாலும் இரண்டே வகையாகக் காணப்பட்டது. அவ்விரண்டையும் மட்டும் தேடினாற் போதும் என்று ஆய்வுகூடம் நினைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பிரித்தானியாவில் வாழ்ந்த இந்திய வமிசக் குடும்பங்களில் இருந்தது மூன்றாவது வகை. பாகிஸ்தானிய வமிசத்தாரிடம் இருந்தது நான்காவது வகை. வெள்ளையருக்கென்று வகுத்த சோதனை அவர்களைப் பார்த்து "உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கும்.

ஆகவே எல்லாரும் ஒன்று, வேறுபாட்டைப் பேசவே கூடாது என்ற வாதம் நல்லெண்ணத்தில் எழுந்ததாயினும் நமக்குத் தீங்கானது. உலகில் நடந்த பெரும் மரபணு ஆய்வுகளில் முக்காற்பங்குக்கு மேற்பட்டோர் ஐரோப்பிய வமிசத்தார். அந்த அளவுகோலைக் கொண்டு நம்மை அளந்தால் நம் குடும்பங்களில் உள்ள மாற்றங்கள் பலவற்றுக்கு "பொருள் தெளிவில்லை" என்ற விடைதான் கிடைக்கும். கணக்கில் எடுக்கப்படாத மக்களுக்கு மருத்துவமும் பாதிதான்.

இங்கேதான் பிழையான பாதையும் தொடங்குகிறது. வேறுபாடு உண்டென்றவுடன், பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலே தகப்பனின் இனம், தாயின் இனம் என்று இருக்கும் கூட்டைப் பார்த்து நோயை நிருணயித்துவிடலாம் என்று எண்ணுவதே அது. இவ்வெண்ணத்தின் வெறுமையை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை; நீர்கொழும்பிலிருந்து கற்பிட்டிவரை ஒருமுறை பயணம் செய்தாற் போதும்.

இக்கரையின் பழைய உறுதிகளைப் படித்த வழக்கறிஞர் எவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. பாட்டனார் தமிழிலே கையொப்பமிட்டிருப்பார். தகப்பனார் சில உறுதிகளில் தமிழிலும் சிலவற்றில் சிங்களத்திலும் இட்டிருப்பார். பேரன் சிங்களத்தில் மட்டும் இடுவார். பாட்டனாரின் கையெழுத்தை வாசித்துச் சொல்ல அவருக்கு நம்மைப் போல ஒருவர் வேண்டும். மூவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே, கோயில் ஒன்றே, தொழிலும் கடல்தான். மாறியது பள்ளிக்கூடத்தின் போதனாமொழி. 1950களிலும் 1960களிலும் கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகள் பல தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறியபோது, குடிசன மதிப்பில் ஊரோடு ஊராக இனம் மாறிற்று. அந்த மாற்றத்தைப் பற்றி இப்பத்திரிகைக்கு உள்ள மனக்குறையை வாசகர் அறிவர். இன்று அதைப் பேசவில்லை. நாம் கேட்பது இவ்வளவே: பாடசாலையில் எழுத்து மாறியபோது குடலிலுள்ள மரபணுவும் மாறிற்றா? தமிழர் என்று பதிந்த உடப்பு மீனவரும் சிங்களவர் என்று பதிந்த அயலூர் மீனவரும் எத்தனை தலைமுறைக்கு முன் ஒரே முற்றத்தில் விளையாடியவர்கள் என்பதை அந்தப் பத்திரம் சொல்லுமா?

மற்றவர்களையும் பாருங்கள். புத்தளத்து முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக இம்மண்ணில் வேரூன்றியவர்கள். 1990 ஒக்தோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து குடியேறியவர்களும் முஸ்லிம்களே. பதிவேட்டில் இருவருக்கும் ஒரே சொல். மணவுறவு வழிகளோ வேறு வேறு. சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வமிசக் குடும்பங்களின் முன்னோரை அந்நிய ஆட்சியாளர் படைவீரராகக் கொண்டுவந்தனர். பல தலைமுறைகளாக அவர்கள் இக்கரைச் சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு கொண்டுள்ளனர். இவர்களை எந்தக் கூட்டில் அடைத்து, எந்த நோயை இவர்களுக்கு ஒதுக்கப்போகிறோம்?

உலக ஆய்வும் இதையே சொல்கிறது. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து பங்கு ஒரே மக்கட் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ரிச்சட் லெவொன்ரின் 1972இல் கணக்கிட்டுக் காட்டினார். இலங்கையைப் பொறுத்தவரை, கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இந்திய ஆய்வாளரும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, சிங்களவருக்கும் இலங்கைத் தமிழருக்குமிடையே மிக நெருங்கிய மரபணு உறவைக் கண்டது. இரு பக்கத்து மேடை வீரருக்கும் இச்செய்தி கசக்கத்தான் செய்யும்.

அப்படியாயின் நோயில் காணும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தேசவழமை வடக்கின் சட்டமேயாயினும் அதன் சொற்கள் நம் எல்லாருக்கும் விளங்கும். முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்தது முதுசம். மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். குடற் புற்றுநோயிலும் இரண்டும் உண்டு. ஒற்றைப் பழுதுபட்ட மரபணுவால் குடும்பத்தில் வலுவாக இறங்கிவரும் முதுச நோய் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான். எஞ்சியவற்றில் பரம்பரையின் சாயல் ஓரளவு இருந்தாலும் உணவு, புகை, மது, உடற்பருமன், உழைப்பின்மை ஆகிய தேட்டங்களின் பங்கே பெரிது.

யப்பானிலிருந்து ஹவாய்க்குக் கூலிகளாகப் போனவர்களின் கதை இதற்குச் சான்று. தாய்நாட்டில் அக்காலத்தில் இந்நோய் குறைவு. ஹவாயில் பிறந்த பிள்ளைகளின் காலத்திலோ அங்குள்ள வெள்ளையரின் அளவுக்கு ஏறிவிட்டது. ஒரு தலைமுறையில் மரபணு மாறாது. சோற்றுக் கோப்பை மாறும். 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. தென்னாபிரிக்க நாட்டுப்புறக் கறுப்பரிடம் இந்நோய் இலட்சத்துக்கு ஐந்துக்கும் குறைவு. அமெரிக்கக் கறுப்பரிடம் அறுபத்தைந்து. ஆய்வாளர் இரு தரப்பிலும் இருபது இருபது பேரைச் சேர்த்து, இரண்டே வாரத்துக்கு உணவை மாற்றிக் கொடுத்தனர். பிட்ஸ்பேர்க்கில் வாழ்ந்தவர் நார்ச்சத்து மிகுந்த ஆபிரிக்க உணவை உண்டனர். குவாசூலுக் கிராமத்தவர் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்க உணவை உண்டனர். பதினான்கு நாளில் முன்னவரின் குடலில் அழற்சி தணிந்தது; பின்னவரின் குடலில் அபாயக் குறிகள் ஏறின. "கறுப்பருக்கு இந்நோய் அதிகம்" என்ற அமெரிக்க வாசகத்தைச் சிரம்பியடிக்குக் கொண்டுவந்து ஒட்ட நினைப்பவர் இதை இருமுறை படிக்கட்டும்.

தமிழருக்கு இதனால் ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. சிங்கப்பூரில் 1968 முதல் புற்றுநோய்ப் பதிவு நடைபெறுகிறது. அங்கே சீனரிடம் குடற் புற்றுநோய் அதிகம், இந்தியரிடம் குறைவு, அந்த இந்தியருள் தமிழரே பெருந்தொகையினர். தமிழன் குடல் வலியது என்று மார்தட்டவேண்டாம். அதே பதிவில் ஆண்களின் நோயளவு முப்பதாண்டுக்குள் ஏறக்குறைய இரட்டித்ததையும் காண்கிறோம். இன்று குறைவாயிருப்பது நாளைக்கு உத்தரவாதமன்று. சராசரி என்பது கூட்டத்துக்குரியது. இரத்தம் போவதோ ஒரு மனிதனுக்கு. "உங்கள் ஆட்களுக்கு இது குறைவு" என்ற நினைப்பு வைத்தியர் மனத்தில் ஒரு மூலையில் இருந்தாலும் மலத்தோடு போகும் இரத்தம் மூலவியாதியாகிவிடுகிறது. நோயாளியும் வெட்கத்தால் அதையே விரும்புகிறார். களிம்பு, கசாயம், பத்தியம் என்று ஆறு மாதம் போகும். எடை குறைந்து, சோகை பிடித்து, வயிறு அடைத்த பிறகே பெரிய ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது.

இனத்தைக் கேளாதே என்றால் வேறு எதைக் கேட்பது? வழக்காளியிடம் நீதிமன்றம் கேட்பதை நோயாளியிடம் வைத்தியசாலை கேட்கட்டும். வமிசாவளியைக் கேட்கட்டும்.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தையற்காரி, தம் குடும்பத்தார் பலர் வயிற்றுப் புற்றாலும் கருப்பைப் புற்றாலும் மாண்டனர், தமக்கும் அதுதான் முடிவு என்று ஆல்ட்றெட் வார்தின் என்ற பேராசிரியரிடம் சொன்னார். அவர் சொன்னபடியே கருப்பைப் புற்றால் இளவயதில் இறந்தார். வார்தின் அக்குடும்பத்தின் வமிசாவளியை வரைந்து 1913இல் வெளியிட்டார். உலகம் அதை மறந்தது. 1966இல் ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் இத்தகைய குடும்பங்களைப் பற்றி மீண்டும் எழுதினார். 1993இலும் 1994இலும் பழுதுபட்ட மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று லிஞ்ச் நோய்க்கூறு என வழங்கும் இந்நிலை எல்லா இனத்திலும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரிபாதி வாய்ப்பு. இருப்பது தெரிந்துவிட்டால் இருபது, இருபத்தைந்து வயது முதலே குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனொஸ்கோப்பிச் சோதனையை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்து, முளையை முளையிலேயே கிள்ளிவிடலாம். விஞ்ஞானிக்கு நூறாண்டு பிடித்ததை ஒரு தையற்காரி தன் உறவினர் மரணங்களை எண்ணியே அறிந்திருந்தாள்.

நம் கரையில் இதற்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. இங்குள்ள மீனவ ஊர்களில் மச்சான் மச்சாள் மணம் இன்றும் வழக்கம். முஸ்லிம் குடும்பங்களிலும் நெருங்கிய உறவில் மணம் உண்டு. மேலே சொன்ன எம்.யூ.ரி.வை.எச். பழுது தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாகச் சேர்ந்தாற்றான் நோயாக வெளிப்படும். அத்தகைய பழுது ஒரு குடும்பத்தில் இருந்தால், உறவுக்குள் மணம் அதை ஒன்றுசேர்க்கும் வாய்ப்பை உயர்த்துகிறது. இதைச் சொல்வது எந்த வழக்கத்தையும் பழிப்பதற்கன்று. அறியவேண்டிய அலகு ஊரும் குடும்பமும் என்பதற்கே சொல்கிறோம். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற பெயர்களைக் கொண்டு இதைத் தேடுவது பெருங்கண் வலையால் கூனி பிடிக்கப் போவதை ஒக்கும்.

மூன்று தலைமுறை வமிசாவளி எழுத ஒரு தாளும் கால்மணி நேரமும் போதும். தகப்பன், தாய், உடன்பிறந்தார், மாமன், அத்தை, பெரியம்மா, சின்னம்மா, இருவழிப் பாட்டன் பாட்டி. யாருக்குப் புற்று, எந்த உறுப்பில், எந்த வயதில். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால், நாற்பது வயதில் அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போது சோதனை தொடங்கவேண்டும் என்பது பல நாடுகள் கைக்கொள்ளும் விதி. இந்தக் கேள்விகளை எந்த மொழியில் கேட்பது என்பதிலே நம் சண்டை தொடங்குகிறது. மலத்தைப் பற்றியும் கருப்பையைப் பற்றியும் ஒரு கற்பிட்டித் தாய் தன் மகனை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்திக்கொண்டு பேசுவாளா? வாய்மூடி வந்துவிடுவாள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கிற்று. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை மொழியாலும் இனத்தாலும் பாரபட்சம் கூடாதென்கிறது. சுகாதாரம் என்ற உரிமை அந்த அத்தியாயத்தில் தனியே எழுதப்படவில்லையாயினும், ஒரே வாங்கில் அமர்ந்த இருவருள் ஒருவரின் கேள்விகள் அவர் தாய்மொழியிலும் மற்றவரின் கேள்விகள் அந்நிய மொழியிலும் இருந்தால் அது பாரபட்சமன்றி வேறென்ன?

அரசு மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் டெலவெயர் என்ற சின்னஞ்சிறு மாநிலத்தில் கறுப்பர் இந்நோயால் வெள்ளையரைவிட அதிகம் மாண்டனர். மரபணு என்று கைவிரித்திருக்கலாம். அம்மாநில அரசு அப்படிச் செய்யவில்லை. காப்புறுதி இல்லாதார்க்குச் சோதனைச் செலவையும் சிகிச்சைச் செலவையும் ஏற்று, வீட்டுக்கு வழிகாட்டிகளை அனுப்பிற்று. தொடக்கத்தில் கறுப்பருள் நூற்றுக்கு 48 பேரே சோதனை செய்திருந்தனர். 2009இல் 74 பேர், வெள்ளையருக்குச் சமமாக. அவர்களின் இறப்பு நூற்றுக்கு 42 பங்கு குறைந்து வெள்ளையரின் அளவை அண்மித்தது. எட்டாண்டில் எவருடைய மரபணுவும் திருத்தப்படவில்லை.

இங்கே 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் பெண்களுக்கான சுகநல கிளினிக்குகள் நடக்கின்றன. அவை வந்த பிறகு கருப்பைக் கழுத்துப் புற்றைப் பற்றிப் பேசக் கூசிய ஊர்களும் பேசக் கற்றன. குடலுக்கும் அத்தகைய வாசல் ஒன்று வேண்டும். மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை அங்கேயே கொடுக்கப்படவேண்டும். ஐம்பது வயதுக்குள் நோய் கண்டவரின் கட்டியில் லிஞ்ச் குறி உண்டா என்று பார்க்கும் சோதனை மாவட்டம் பாராது எல்லாருக்கும் செய்யப்படவேண்டும். கற்பிட்டியிலிருந்து மகரகமைக்கு 150 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் தொழிலை இழந்து, பஸ்ஸில் போய், இன்னொரு திகதி வாங்கிக்கொண்டு திரும்பும் மீனவன் மூன்றாம் முறை போவதில்லை.

மரபணு ஆய்வுக்கு இரத்தம் கேட்டு ஆய்வாளர் வந்தால் கதவை அடைக்கவேண்டாம். நம் குடும்பங்கள் கணக்கில் சேர்வது நமக்கே நன்மை. ஆனால் சம்மதப் பத்திரம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். முடிவு ஊருக்குத் திரும்பி வரட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைத் தனிக் காவலுக்குரியதென வகுத்துள்ளது. நல்லது, ஆயினும் அதன் முக்கிய பகுதிகள் முதலிற் குறித்த காலத்தில் அமுலுக்கு வரவில்லை. அமெரிக்காவில் 2008இல், மரபணுவைக் காட்டி வேலையோ சுகாதாரக் காப்புறுதியோ மறுக்கக்கூடாதெனத் தனிச்சட்டம் இயற்றினர். ஆயுட் காப்புறுதியை அவர்களும் விட்டுவிட்டனர். நாம் இயற்றும்போது அதையும் சேர்ப்போம். கலியாணப் பேச்சில் இத்தரவு என்ன பாடுபடும் என்பதற்கு எந்தச் சட்டமும் காவல் இராது. அதனால்தான் இரகசியம் பேணுவது பாதி வைத்தியம் என்கிறோம்.

நம் கிளைச் செயலாளர்கள் இம்மாதம் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஊரிலிருந்தும் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். மாவட்டத்து அரசினர் வைத்தியசாலைகளில் கொலனொஸ்கோப்பிச் சோதனைக்குப் பெயர் பதிந்தவர் எத்தனை வாரம் காத்திருக்கிறார்? நோயாளியின் குடும்ப வரலாறு எழுதும் படிவம் உண்டா, உண்டாயின் எந்த மொழிகளில்? கிளினிக் நேரத்தில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் எத்தனை பேர் கடமையில் இருக்கின்றனர்? தகவல் தருவதா மறுப்பதா என்று பதினான்கு வேலை நாளுக்குள் அவர்கள் சொல்லியாகவேண்டும். பதில்களை நமக்கு அனுப்பினால் ஒன்றையும் குறைக்காமல் அச்சிடுவோம். பதில் வராத வைத்தியசாலைகளின் பட்டியலையும் அச்சிடுவோம்.